ஒழுகும் இடமும் ஓட்டை இருக்கும் இடமும்: ஷீட் கூரைப் பழுதுகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாத நடுவில், பண்ருட்டியை ஒட்டிய எங்கள் முந்திரித் தோட்டத்துக் கொட்டகைக் கதவைத் திறந்தபோது, ஈரச் சாக்கின் புளித்த வாடைதான் முதலில் வந்தது. சுவரோரம் அடுக்கியிருந்த கொட்டை மூட்டைகளில் மேலிருந்து இரண்டு மூட்டைகள் ஒரு பக்கமாகக் கறுத்திருந்தன. விரலால் அழுத்தியபோது சணல் நூல் பிய்ந்து கையோடு வந்தது. சித்திரையில் பொறுக்கி, களத்தில் காயவைத்து, நல்ல விலை வரட்டும் என்று காத்து வைத்திருந்த சரக்கு அது. அண்ணாந்து பார்த்தேன். மூட்டைக்கு நேர் மேலே, ஷீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் வெல்டிங் இணைப்பில் ஒரு நீர்த்துளி திரண்டு, கனத்து, விழுந்து, மறு துளி திரண்டுகொண்டிருந்தது.

அந்த இடம் எனக்குப் புதிதல்ல. முந்தைய ஆண்டும் அங்கேதான் சொட்டியது. அப்போது நான் ஏணி வைத்து ஏறி, சொட்டும் இடத்துக்கு நேர் மேலே இருந்த நான்கு ஸ்க்ரூக்களைச் சுற்றிப் பசையைத் தாராளமாக அப்பிவிட்டு இறங்கியிருந்தேன். வேலை முடிந்தது என்றும் நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு இரண்டு மூட்டை முந்திரி போயிற்று. ஷீட் கூரை வைத்திருக்கும் பலரும் இதையேதான் செய்கிறார்கள் என்பதைப் பிறகு பல வீடுகளில் பார்த்தேன்: கூரை முழுவதும் தாரும் சிமென்ட்டும் பசையும் திட்டுத் திட்டாக இருக்கும், கீழே அண்டாவும் வாளியும் அப்படியே இருக்கும். ஷீட் கூரையின் கோளாறுகள் பெரும்பாலும் எளிமையானவை, குறைந்த செலவில் சரி செய்யக்கூடியவை. ஆனால் காரணத்தைத் தேடாமல் பூசத் தொடங்கினால் அவை எளிமையானவையாக இருப்பதில்லை.

எங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகளாக ஷீட் வேலை செய்யும் ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தேன். அவர் கூரைமேல் ஏறுவதற்கு முன் ஒரு ரப்பர் குழாயையும் டார்ச் விளக்கையும் கேட்டார். டார்ச்சை என் கையில் கொடுத்து உள்ளே நிறுத்திவிட்டு, தாழ்வாரத்து ஓரத்திலிருந்து, அதாவது கூரையின் மிகத் தாழ்ந்த பகுதியிலிருந்து, தண்ணீர் விடத் தொடங்கினார். ஓரிடத்தில் பத்து நிமிடம் விடுவார், நான் உள்ளிருந்து ஒன்றுமில்லை என்று குரல் கொடுத்ததும் ஓரடி மேலே போவார். நான் பசை பூசியிருந்த இடத்தைத் தண்ணீர் கடந்தபோதும் கீழே ஒரு சொட்டும் விழவில்லை. அதற்கு நான்கடி மேலே, இரண்டு ஷீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் சேர்க்கையில் தண்ணீர் பட்ட சில நிமிடங்களில், ஷீட்டின் அடிப்பக்கமாக ஒரு மெல்லிய நீர்க்கோடு இறங்கி, சட்டத்தை அடைந்து, அதன் ஓரமாகவே பக்கவாட்டில் நகர்ந்து, வெல்டிங் மேட்டில் தடுக்கிச் சொட்டியது. "தண்ணி சொட்டுற இடத்தப் பாக்காதீங்க தம்பி, அது வந்த வழியப் பாருங்க" என்றார் மேலிருந்தபடியே. கீழிருந்து மேலாகத்தான் சோதிக்க வேண்டும் என்பதன் காரணமும் அப்போது விளங்கியது. உச்சியில் தண்ணீர் விட்டால் அது கூரை முழுவதும் ஓடி இறங்கும், எந்த இடத்தில் நுழைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தச் சேர்க்கையில் மேல் ஷீட் கீழ் ஷீட்டின்மேல் நான்கு அங்குலம்தான் ஏறியிருந்தது. குறைந்தது ஆறு அங்குலம், வாட்டம், அதாவது சரிவு, குறைவான கூரையானால் எட்டு அங்குலம் ஏற வேண்டும். எங்கள் கொட்டகையின் வாட்டமும் போதாது. பத்தடி நீளத்துக்கு ஓரடிகூட உயரவில்லை. இப்படி வாட்டம் படுத்திருக்கும் கூரையில் நீர் வேகமாக ஓடாது. இரண்டு தகடுகளுக்கு இடையே மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல நீர் அதற்குள் மேல்நோக்கி ஏறும். காற்றும் சேர்ந்து தள்ளினால் நான்கு அங்குலம் ஒரு தடையே அல்ல. மேல் பக்கம் எவ்வளவு பசை பூசினாலும் இது நிற்காது. மாறாக, உள்ளே போன நீர் வெளியேறும் வழியையும் அடைத்து, சேர்க்கைக்குள் ஈரத்தைத் தேக்கி, அங்கே துருவை வளர்க்கும்.

மேஸ்திரி செய்தது இது. அந்த வரிசை ஸ்க்ரூக்களைக் கழற்றி, மேல் ஷீட்டை மெல்ல நெம்பித் தூக்கி, இடையில் படிந்திருந்த செம்மண்ணையும் சருகையும் பிரஷ்ஷால் தள்ளி, துணியால் துடைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் உலர விட்டார். பிறகு கறுப்புப் பசைநாடா ஒன்றை இரண்டு வரிசையாக ஒட்டி, மேல் ஷீட்டை அதன்மேல் படிய வைத்து, புதிய ஸ்க்ரூ போட்டு இறுக்கினார். அந்த நாடா கடையில் பியூட்டைல் டேப் என்று கேட்டால் கிடைக்கும். அது இறுகிக் கல்லாவதில்லை. பிசின்போல இளகிய நிலையிலேயே பல ஆண்டுகள் இருப்பதால் தகடு அசையும்போது கூடவே அசைந்து கொடுக்கும். அசைந்து கொடுப்பது என்ற இந்தக் குணம்தான் ஷீட் கூரையில் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் கருதுகிறேன். ஏனென்றால் ஷீட் கூரை ஒருநாளும் சும்மா இருப்பதில்லை. சித்திரை வெயிலில் கை வைக்க முடியாதபடி கொதிக்கும் ஷீட், விடியற்காலையில் தொட்டால் சில்லென்று இருக்கும். இந்த இரண்டுக்கும் 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 6 மீட்டர் நீள இரும்பு ஷீட் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீண்டு மறுபடி சுருங்குகிறது. மத்தியானத்தில் மழை திடீரென்று அடித்ததும் கூரை டக் டக் என்று சத்தமிடுவது அந்தச் சுருக்கத்தின் சத்தம்தான். இப்படி நாள்தோறும் நகரும் ஒன்றின்மேல், பிசைந்து ஒட்டியதும் பாறையாக இறுகும் எபாக்சியையோ சிமென்ட்டையோ அப்பினால், அது ஒரு கோடையைத் தாண்டாமல் விளிம்பில் விரிசல் விடும்.

இந்த நகர்வு முதலில் பதம் பார்ப்பது ஸ்க்ரூக்களை. என் அனுபவத்தில் பத்து ஒழுகலில் ஏழெட்டு ஸ்க்ரூவில்தான் வந்து நிற்கிறது. ஒவ்வொரு ஸ்க்ரூவின் மண்டைக்குக் கீழும் ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. மழைக்கும் வீட்டுக்கும் இடையே காவல் நிற்பது அதுதான். மலிவான ரப்பர் ஐந்தாறு கோடையில் காய்ந்து, சுண்டி, நகத்தால் கீறினால் தூளாக உதிரும். ஈ.பி.டி.எம். என்ற வகை ரப்பர் வெயிலை நன்றாகத் தாங்கும். ஆனால் எவ்வளவு நல்ல வாஷரையும் பூட்டும் கை கெடுத்துவிடும். டிரில்லிங் மெஷினை விடாமல் அழுத்தி அளவுக்கு மீறி இறுக்கினால், வாஷர் நசுங்கி மண்டையைச் சுற்றிப் பிதுங்கும், அதன் அடியில் ஷீட் குழிந்து நீர் தேங்கும் கிண்ணமாகும். தளர்வாக விட்டால் கேட்கவே வேண்டாம். சாய்வாக ஏறிய ஸ்க்ரூவில் வாஷரின் ஒரு பக்கம் நசுங்கி மறுபக்கம் தூக்கி நிற்கும். சரியாக இறுகிய வாஷர், மண்டையின் உலோகத் தட்டு விளிம்புக்கு வெளியே மிக லேசாக, சுற்றிலும் ஒரே அளவில் தெரியும். உட்கார்ந்து விரலால் தடவிப் பார்த்தாலே இது புலப்படும். கீழே நின்று பார்த்தால் எல்லா ஸ்க்ரூவும் நன்றாகத்தான் தெரியும்.

பழைய ஸ்க்ரூவைக் கழற்றி அதே துளையில் அதே அளவு ஸ்க்ரூவைப் போடுவதில் பயனில்லை. ஷீட்டின் நகர்வால் துளை அதற்குள் நீள்வட்டமாகியிருக்கும், அடியில் உள்ள சட்டத்திலும் மரை தேய்ந்திருக்கும். சாதாரணமாகப் போடுவது 12 எண் ஸ்க்ரூ, அதாவது 5.5 மில்லிமீட்டர் தடிமன். பழுது பார்க்கும்போது 14 எண், 6.3 மில்லிமீட்டர் தடிமன் உள்ளதை வாங்கினால் அதே துளையில் புதிதாகப் பிடித்துக்கொள்ளும். கூரை ஷீட்டில் ஸ்க்ரூ மேட்டில் ஏற வேண்டும், நீர் ஓடும் பள்ளத்தில் அல்ல. எங்கள் கொட்டகையில் அவசரத்தில் பள்ளத்தில் இறக்கிய ஸ்க்ரூக்கள் பதினொன்று இருந்தன, அவற்றில் ஒன்பது ஒழுகின. அந்தத் துளைகளை ஸ்க்ரூவாலேயே மறுபடி நிரப்பாமல், சிறு தகட்டுத் துண்டு வைத்து, அடியில் பசையிட்டு, ரிவிட் அடித்து மூடினோம்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். துளையிட்டபோது விழும் இரும்புத் தூளையும், கட்டிங் வீலால் ஷீட்டை அறுத்தபோது பறக்கும் பொறிகளையும் அன்று மாலையே மென்மையான துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிடுங்கள். அந்தப் பொறி சூடாக வந்து பூச்சில் புதைந்துகொள்ளும், ஓரிரு மழையில் துருப்பிடித்துப் புதுக்கூரை முழுவதும் செம்புள்ளி போடும். வீட்டுக்காரர்கள் ஷீட் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதைக் கண்டிருக்கிறேன். ஷீட்டில் குறையில்லை, பெருக்காமல் விட்டதுதான் குறை. ஷீட்டைக் கட்டிங் வீலால் அறுப்பதே நல்லதல்ல. அந்தச் சூட்டில் வெட்டு விளிம்பை ஒட்டிய பூச்சு எரிந்துபோகும். தகரக் கத்திரியால் வெட்டினால் நேரம் கூடும், விளிம்பு பிழைக்கும்.

பசை வாங்கும்போதும் ஒரு கவனம் தேவை. குளியலறைக் கண்ணாடிக்குப் போடும் சாதாரண சிலிக்கோன், குழாயிலிருந்து பிதுக்கியதும் காடி வாடை அடிக்கும். அந்த வாடை அமிலத்தின் வாடை. அது உலரும்போது வெளிவிடும் அமிலம் ஷீட்டின் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். ஒழுகலை அடைக்கப் பூசியதே அடுத்த ஓட்டைக்கு வித்தாகும். நியூட்ரல் க்யூர் என்று குழாயின்மேல் எழுதியிருக்கும் சிலிக்கோனையோ பாலியூரித்தேன் வகைப் பசையையோ கேட்டு வாங்க வேண்டும்.

துருவைப் பற்றிப் பேசும்முன் ஷீட்டின் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெல்லிய இரும்புத் தகட்டை அலையலையாக மடித்தால் தன் கனத்துக்கு மீறிய வலிமை பெறும் என்பதைப் பயன்படுத்தி, 1829இல் இங்கிலாந்தில் ஹென்றி ராபின்சன் பாமர் காப்புரிமை பெற்றார். அந்தத் தகடு துருவுக்கு நிற்கவில்லை. 1837இல் பிரான்சில் ஸ்டனிஸ்லாஸ் சோரெல் உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் தகரக் கூரை உலகெங்கும் பரவியது. துத்தநாகம் வெறும் போர்வையாக மட்டும் இருப்பதில்லை. கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். ஆனால் அது கரைந்து தீரும் பொருள். ஷீட் வாங்கும்போது தடிமனை எல்லோரும் கேட்கிறார்கள், பூச்சின் எடையை யாரும் கேட்பதில்லை. ஒரு சதுர மீட்டர் ஷீட்டின் இரண்டு பக்கத்திலும் சேர்த்து 120 கிராம் துத்தநாகம் என்றால், ஒரு பக்கத்துக்கு ஒன்பது மைக்ரானுக்குக் குறைவு. 275 கிராம் என்றால் ஏறத்தாழ இருபது மைக்ரான். கடையில் கலர் ஷீட் இரண்டும் ஒரே பளபளப்பில்தான் நிற்கும். அலுமினியம் 55 சதவீதமும் மீதியில் பெரும்பகுதி துத்தநாகமும் கலந்த பூச்சும் வருகிறது. திறந்த வெளிக் காற்றில் அது நெடுநாள் தாங்கும், ஆனால் மாட்டுக் கொட்டகைக்கு ஏற்றதல்ல. கோமியத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி அதை அடிப்பக்கமாகத் தின்றுவிடும்.

எனக்கு இரண்டு கூரைகள் இருப்பதால் ஒரு வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. ஒன்று இந்தத் தோட்டத்துக் கொட்டகை. மற்றொன்று கடலூரில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போட்ட ஷீட். இரண்டும் 2012இல், சில மாத இடைவெளியில், ஒரே வகை ஷீட்டால் போடப்பட்டவை. தோட்டத்து ஷீட்டில் இன்றும் நிறம் மங்கியிருக்கிறதே தவிர உடம்பு உறுதியாக இருக்கிறது. கடலூர் ஷீட்டில் ஏழாம் ஆண்டே துரு தொடங்கியது. அதிலும் விந்தை என்னவென்றால், மழை நேராக அடிக்கும் நடுப்பகுதி நன்றாக இருக்க, மழையே படாத தாழ்வாரத்தின் அடிப்பக்கம்தான் முதலில் செதிலாக உரிந்தது. காரணம் உப்பு. கடற்காற்று கொண்டுவந்து படியவைக்கும் உப்பை மேல் பக்கத்தில் மழை கழுவிவிடுகிறது; அடிப்பக்கத்தைக் கழுவ யாருமில்லை. அன்றிலிருந்து பங்குனியிலும் ஆடியிலும் நல்ல தண்ணீரைக் குழாயில் பிடித்துத் தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தை நன்றாக அடித்துக் கழுவுகிறேன். பைசா செலவில்லாத வேலை இது. கடலோரத்தில் வசிப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

உப்பில்லாத ஊரிலும் துருவை வரவழைக்கும் வழிகள் இருக்கின்றன. வேப்பிலையும் புளிய இலையும் ஷீட்டின் பள்ளங்களில் மட்கி நாள்கணக்கில் ஈரம் காத்து நிற்பது ஒன்று. ஏ.சி.யின் செம்புக் குழாய் மேலிருந்து சொட்டும் நீர் ஷீட்டில் விழுவது மற்றொன்று. செம்பில் பட்டு வரும் நீர் துத்தநாகத்தை வெகு விரைவில் தின்னும், சொட்டு விழும் தடத்திலேயே கோடு போட்டதுபோல ஓட்டை விழும். சுவரை ஒட்டிய இடத்தில் ஈரச் சிமென்ட் கலவையைத் தகட்டின்மேல் நேராக வைத்துப் பூசுவது மூன்றாவது. சிமென்ட்டின் காரம் பூச்சை அரிப்பதோடு, ஷீட் நகர நகரக் கலவையும் பிளந்துவிடும். அங்கே வர வேண்டியது தகட்டு மறைப்பு: சுவரில் வரி வெட்டி அதன் மேல் விளிம்பைச் செருகி, கீழ் விளிம்பு ஷீட்டின்மேல் ஒட்டாமல் கவிந்து நிற்கும்படி விடுவது.

துரு மேலோட்டமாக இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்பும் தூசியும் போகக் கழுவி, முழுக்க உலர்ந்தபின் துத்தநாகம் மிகுந்த பிரைமரைப் பூசி அதன்மேல் வண்ணம் அடிக்கலாம். ஜன்னல் கம்பிக்கு அடிக்கும் எனாமலை நேராகத் துத்தநாகப் பூச்சின்மேல் அடிப்பது வீண். அந்த வண்ணத்தில் உள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்புப் படலமாக மாறுவதால், ஓரிரு ஆண்டில் வாழைப்பட்டையைப்போல உரிந்து வரும். உரிந்ததற்குப் பெயிண்ட் கம்பெனியைக் குறை சொல்வது நியாயமல்ல. இந்தத் தகட்டுக்கென உள்ள பிரைமரை முதலில் அடித்திருக்க வேண்டும்.

ஓட்டையே விழுந்துவிட்டால், அதே அலை வடிவமுள்ள பழைய ஷீட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டிக்கொள்ள வேண்டும். மேடு மேட்டிலும் பள்ளம் பள்ளத்திலும் உட்கார அதுதான் வழி. ஓட்டையைச் சுற்றித் துரு ஏறாத நல்ல தகடு மூன்று அங்குலமாவது துண்டுக்கு அடியில் வர வேண்டும். பசையைத் துண்டின் விளிம்பைச் சுற்றிப் பூசுவதல்ல, துண்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவே வைத்து அழுத்தி, இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக ரிவிட் அடிக்க வேண்டும். ஓட்டை ஒரு சேர்க்கைக்குப் பக்கத்தில் இருந்தால் துண்டின் மேல் விளிம்பை மேல் ஷீட்டின் அடியில் செருகிவிடுவது மேலும் நல்லது, இறங்கி வரும் நீருக்கு முட்டிக்கொள்ள ஒரு விளிம்பே இராது. ஆனால் ஒட்டுப் போடலாமா, ஷீட்டையே மாற்றலாமா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். உச்சி வெயில் நேரத்தில் கதவு ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே நின்று பாருங்கள். கூரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிச்சப் பொட்டு தெரிந்தால் ஒட்டுப் போடலாம். கார்த்திகை விண்மீன் கூட்டம்போல ஒரே ஷீட்டில் நெருங்கித் தெரிந்தால், அல்லது ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டினால் தகடு அமுங்கிச் செதில் உதிர்ந்தால், அந்த ஷீட்டின் ஆயுள் முடிந்தது. அதன்மேல் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் நீரில் போகும்.

ஓட்டையே இல்லாமல் சொட்டும் கூரையும் உண்டு. இதைப் பலர் நம்புவதில்லை. மார்கழி விடியலில் மழை பெய்து பத்து நாளான பிறகும் கூரையின் அடிப்பக்கம் முழுவதும் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். இரவில் தெளிந்த வானத்துக்குத் தன் சூட்டை இழந்து ஷீட் வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதன்மேல் பட்டுப் பனியாகிறது. நெல், முந்திரி, கடலை எதையும் அரைகுறையாகக் காயவைத்து அடைத்து வைத்தால் அந்தச் சரக்கே ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கும். இதற்குக் கூரையின் மேல் ஏறிப் பசை பூசுவதில் பொருளில்லை. காற்றுப் போக வர உச்சியிலும் தாழ்வாரத்திலும் திறப்பு விட வேண்டும். முடிந்தால் ஷீட்டுக்கு அடியில் வெள்ளிக் காகிதம் போர்த்திய குமிழ்த் தாளை விரிக்க வேண்டும்; பகலில் வெப்பத்தையும் அது பாதியளவாவது தடுக்கிறது என்பதை உடம்பே சொல்லும். மழை ஒழுகலா பனிச் சொட்டா என்று தெரியாவிட்டால், மழையில்லாத விடியலில் ஒருமுறை பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

காற்றுக்கு வருகிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது. எங்கள் தோட்டத்தில் முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்ததும், பழைய கொட்டகையின் ஷீட்டுகள் இரண்டு தோட்டம் தாண்டிப் பலாமரத்தில் செருகி நின்றதும் இன்னும் கண்ணில் நிற்கிறது. புதிய கூரைகளை 2012இல் போட்டதும் அதனால்தான். அரை மில்லிமீட்டர் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு நான்கைந்து கிலோதான் எடை. மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று அதே சதுர மீட்டரில் ஏறத்தாழ 90 கிலோ அளவுக்கு விசை காட்டும். கூரையின் மேல் ஓடும் காற்று அதை மேல்நோக்கி உறிஞ்சும். ஒரு பக்கம் திறந்த கொட்டகையானால் உள்ளே புகுந்த காற்றும் அடியிலிருந்து முட்டும். இந்த இழுப்பு கூரையின் நடுவைவிட ஓரங்களிலும் மூலைகளிலும் மிகக் கடுமையாக இருக்கும். ஆனால் நம் ஊரில் நடுவில் போடும் அதே இடைவெளியில்தான் ஓரத்திலும் ஸ்க்ரூ போடுகிறார்கள். ஓர வரிசைகளில் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு ஸ்க்ரூ வேண்டும். ஷீட் சட்டத்தோடும், சட்டம் தூணோடும், தூண் தரையோடும் பிடித்திருக்க வேண்டும். இதில் எந்தக் கண்ணி இற்றிருந்தாலும் அந்த இடத்தில் பிய்யும். எங்கள் பழைய கொட்டகையில் ஸ்க்ரூக்கள் ஒன்றும் கழன்றிருக்கவில்லை. வெல்டிங் இணைப்புகளில் பெயிண்ட் அடிக்காமல் விட்டிருந்ததால் அங்கே துரு தின்று, சட்டத்தோடு சேர்த்துக் கூரை கிளம்பிப் போயிருந்தது. ஷீட்டின்மேல் கல்லும் மணல்மூட்டையும் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடச் சொல்கிறேன். நனைந்த மூட்டைக்கு அடியில் துரு வரும், புயலில் அந்தக் கல்லே பறந்து யார் தலையிலாவது விழும்.

ஷீட்டைப் போடும் திசையிலும் காற்றுக்குப் பங்கு உண்டு. நமக்குக் கனமழை வடகிழக்கிலிருந்து வருகிறது. எங்கள் கொட்டகையின் முகடு கிழக்கு மேற்காக ஓடுவதால், பக்கச் சேர்க்கையில் கிழக்கு ஷீட் மேற்கு ஷீட்டின்மேல் கவிந்திருக்க வேண்டும். அப்போது சேர்க்கையின் வாய் மேற்கைப் பார்த்து, மழைக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். போட்டவர்கள் வேலை எளிதென்று கிழக்கு முனையில் தொடங்கி மேற்கே போனதால் எல்லா வாய்களும் மழையைப் பார்த்துத் திறந்திருந்தன. அதை மாற்றுவதற்குக் கூரை முழுவதையும் பிரிக்க வேண்டும் என்பதால், எல்லாச் சேர்க்கையிலும் பசைநாடா ஒட்டி, இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு சிறு ஸ்க்ரூவால் சேர்த்துப் பிடிக்கச் செய்தோம். இரண்டு நாள் கூலி ஆனது. தொடக்கத்திலேயே மறுமுனையில் தொடங்கியிருந்தால் ஒரு ரூபாயும் ஆகியிராது.

கூரை ஓரமாக மழைநீரை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் நீளத் தொட்டியைப் பற்றி ஒரு சொல். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். 65 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 60 மில்லிமீட்டர் மழை அடித்தால் நிமிடத்துக்கு 65 லிட்டர் இறங்கும். இலை அடைத்த ஒற்றைக் குழாயால் அதை விழுங்க முடியாது. நீர் தொட்டியின் பின்விளிம்பைத் தாண்டிச் சுவருக்குள் இறங்கும், நாம் கூரை ஒழுகுவதாக நினைப்போம். புரட்டாசியில் ஒருநாள் தொட்டியை அள்ளிவிட்டால் போதும்.

இத்தனையையும் படித்துவிட்டு உடனே ஏணியைத் தேடுபவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில் பனி உலர்ந்த பிறகு, காற்றில்லாத நாளில், கீழே ஓர் ஆளை நிறுத்திவிட்டு ஏறுங்கள். ஸ்க்ரூ வரிசை எங்கே போகிறதோ அங்கேதான் அடியில் சட்டம் இருக்கிறது, காலை அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். வெளிச்சத்துக்காக நடுவே போட்டிருக்கும் கண்ணாடி ஷீட்டும், பக்கத்துக் கொட்டகையின் கல்நார் ஷீட்டும் ஆளைத் தாங்காது. வெயிலில் வெளுத்து நிறம் மாறிய கண்ணாடி ஷீட் இரும்பு ஷீட்டிலிருந்து பிரித்துத் தெரியாமலும் போகும். அப்படிக் கால் இறங்கி விழுந்து நடை இழந்த ஒருவரை நான் அறிவேன். கூரைமேல் மின்கம்பி தாழ்ந்து போனால் லைனை நிறுத்தாமல் ஏறவே கூடாது. முதுகு வலிக்கும் வயதினர் ஆளை வைத்துச் செய்வதுதான் முறை. இங்கே எழுதியிருப்பவை அந்த ஆளிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவாவது உதவும்.

கடலூர் வீட்டின் தாழ்வாரத்து ஓரமாக இரண்டு ஷீட்டுகளை இந்த ஆனியில் மாற்றவிருக்கிறேன். வெளிச்சப் பொட்டுகள் அங்கே எண்ண முடியாதபடி ஆகிவிட்டன. இம்முறை பூச்சின் எடையைக் கேட்டு, விலை கூடினாலும் 275 கிராம் ஷீட்டாகவே வாங்கி வந்தாயிற்று. புது ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, இடையில் ஈரம் நின்றுவிட்டால், கூரை ஏறும் முன்பே அவற்றில் மாவு தூவியதுபோல வெள்ளைத் துரு படர்ந்துவிடும். அதனால் மாடிப்படிக்கு அடியில், நடுவே மூங்கில் குச்சிகளைச் செருகிக் காற்றுப் போகும்படி, சுவரில் சாய்த்து நிறுத்தி வைத்திருக்கிறேன். மேஸ்திரி அடுத்த புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். ரப்பர் குழாயை எடுத்து வைக்கச் சொன்னார்.